முன்னம் இழந்த மொழி: இணைய எழுத்தில் நகையும் பிழைவாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

இணையவழி எழுத்துரையாடலில் நகைச்சுவையும் எள்ளலும் பிழையாக வாசிக்கப்படுவதற்குக் குரலும் முகமும் இல்லாமையே காரணம் என்பது பொதுவாக வழங்கும் விளக்கம். அவ்விளக்கம் போதாது என்பதையும், தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முன்னம் என்னும் உறுப்பு இச்சிக்கலை மேலும் நுட்பமாக அணுக உதவும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகச் சிரிப்புக்குறி நிகழ்வு, புறநானூற்று 95ஆம் பாடல், இங்கிலாந்தின் டுவிட்டர் நகைச்சுவை வழக்கு, தற்காலத் தமிழ் இணைய எழுத்துவழக்கு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முன்னம், கூற்று, கேட்போர், எள்ளல், பழிகரப்பு, உணர்வுக்குறி, இணையத்தமிழ்

பாதரசம் சிந்திய மின்தூக்கி

1982ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித்துறையினர் தங்கள் மின்னறிவிப்புப் பலகையில் ஓர் இயற்பியல் புதிரை விவாதித்துக்கொண்டிருந்தனர். கம்பி அறுந்து தடையின்றி விழும் மின்தூக்கியினுள் எரியும் மெழுகுவத்தி என்னாகும், புறாக்கள் என்னாகும், தரையில் கிடக்கும் பாதரசத் துளி என்னாகும் என வினாக்கள் வளர்ந்தன. அவ்விளையாட்டின் தொடர்ச்சியாக, அண்மையில் நடந்த சோதனையால் மின்தூக்கி ஒன்று பாதரசத்தால் மாசுபட்டுள்ளது, சிறிது தீச்சேதமும் நேர்ந்துள்ளது என்று ஒருவர் அலுவலக அறிவிப்பின் தோரணையில் எழுதினார். முந்தைய விவாதத்தைப் படித்திராத சிலர் அதனை உண்மையான எச்சரிக்கையாகவே கொண்டனர். இக்குழப்பத்தைத் தொடர்ந்து எழுந்த உரையாடலில்தான், செப்டம்பர் 19 அன்று, ஸ்காட் ஃபால்மன் என்னும் கணினி அறிஞர் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டுப் பக்கவாட்டில் நோக்கினால் சிரித்த முகமாகத் தோன்றும் குறியை முன்மொழிந்தார். நகைச்சுவையாக எழுதப்பட்டவற்றை அக்குறியால் அடையாளப்படுத்தலாம் என்பது அவர் கருத்து. எழுதப்படுவனவற்றின் போக்கை நோக்கினால் நகைச்சுவை அல்லாதவற்றிற்குக் குறியிடுவதே சிக்கனமாக இருக்கும் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். அந்தச் சேர்க்கையே ஒரு நகை.

இந்நிகழ்வு உணர்வுக்குறிகளின் தோற்றக்கதையாகப் பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. எழுத்தில் முகம் தெரிவதில்லை. ஆகவே எழுத்துக்கு ஒரு முகம் வேண்டியதாயிற்று என்பது அக்கதையின் கருத்து. நிகழ்வைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலனாகும். பிழையாக வாசித்தோர் யாவர்? புதிரைப் படிக்காமல் இடையில் வந்து சேர்ந்தோர். சரியாக வாசித்தோர் யாவர்? விவாதத்தைத் தொடக்கம் முதல் பின்பற்றியோர். இரு சாராருக்கும் கிடைத்த எழுத்து ஒன்றே, முகம் இருவருக்கும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. வாசிப்பை வேறுபடுத்தியது அக்கூற்று எந்த உரையாடலில், யாரால், யாரை நோக்கி எழுந்தது என்னும் அறிவு மட்டுமே. ஆயின் வழங்கப்பட்ட மருந்தோ முகம். நோய்க்கும் மருந்துக்கும் இடையிலான இப்பொருத்தமின்மை இன்றுவரை தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

எழுத்தில் எதிர்மறைக் குறிப்பைக் காட்டத் தனிக்குறி வேண்டும் என்னும் எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. 1668இல் இங்கிலாந்தின் ஜான் வில்கின்ஸ் தலைகீழ் வியப்புக்குறியை முன்மொழிந்தார். 1899இல் பிரான்சின் அல்கான்டர் டி பிராமும் 1966இல் எர்வே பசானும் தத்தம் குறிகளை அறிமுகப்படுத்தினர். எதுவும் நிலைக்கவில்லை. (முன்மொழிந்தோர் பட்டியல் நீளமானது, பயன்படுத்தியோர் பட்டியல் அன்று.) எள்ளலைக் குறியிட்டுக் காட்டிவிட்டால் அது எள்ளலாக எஞ்சுவதில்லை என்பது வெளிப்படையான காரணம்.

உளவியல் ஆய்வுகளும் குரலின் இழப்பையே முதன்மைப்படுத்தியுள்ளன. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்ளி உள்ளிட்ட நால்வர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் மேற்கோளாவது. அங்கதமாகவும் நேர்ப்பொருளிலும் அமைந்த கூற்றுகளை மின்னஞ்சல் வழியாகவும் குரல் வழியாகவும் அனுப்பியோர், இருவழியிலும் ஏறத்தாழ 78 விழுக்காடு சரியாக உணரப்படும் என எதிர்பார்த்தனர். குரல் வழியே 73 விழுக்காடும் மின்னஞ்சல் வழியே 56 விழுக்காடும் சரியாக உணரப்பட்டன. இரண்டில் ஒன்றைத் தேர்வதில் 50 விழுக்காடு என்பது நாணயச் சுண்டுதலுக்கு நிகர் என்பதால் 56 என்னும் எண் மிகச் சிறிது. எழுதுவோர் தம் வாக்கியத்தைத் தம் குரலிலேயே கேட்டுக்கொள்கின்றனர், அக்குரல் வாசிப்போரையும் எட்டும் என மயங்குகின்றனர் என்பது ஆய்வாளர் முடிவு. முடிவு ஏற்கத்தக்கதே. எனினும் சோதனைக்கூடத்தில் கூற்றுகள் உரையாடலிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டவை. அவற்றுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குரல் நீங்கிய வாக்கியத்தின் நிலையை இவ்வாய்வு அளந்துள்ளது; சூழல் நீங்கிய வாக்கியத்தின் நிலை அதனுள் கலந்தே கிடக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தமிழிலக்கண மரபு ஒரு வழியைத் தருகிறது.

எழுத்துக்குக் கடன் இல்லை

எழுத்தில் ஓசை முழுமையாகப் பதிவதில்லை என்பதைத் தொல்காப்பியம் அறிந்திருந்தது. எழுத்ததிகாரப் புணரியலின் இறுதியில் அமைந்த இரு நூற்பாக்கள் இங்குக் கருதத்தக்கன. எழுத்தால் ஒரே வடிவுடையனவாக நின்று பொருளால் வேறுபடும் புணர்ச்சிகள் ஓசையால் திரிந்து வேறுபடும் என்கிறது முன்னது. உரையாசிரியர்கள் காட்டும் புகழ்பெற்ற சான்று செம்பொன்பதின்தொடி என்பது. செம்பு ஒன்பது தொடியா, செம்பொன் பத்துத் தொடியா என்பதைச் சொல்லுவோன் நிறுத்தும் இடமே காட்டும்; ஏட்டில் இரண்டும் ஒன்றே. கொடுக்கல் வாங்கலில் இம்மயக்கம் எத்துணைப் பெரிய வழக்காகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த நூற்பாவே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. இத்தகைய புணர்ச்சிகள் முன்னத்தால் பொருள் உணரப்படுவன ஆதலின், இன்னதென்று எழுத்தால் காட்டும் முறைமை அவற்றுக்கு இல்லை என்கிறது அது. வேறுபாட்டைக் காட்டுவது எழுத்தின் கடன் அன்று. உணர்வது முன்னத்தின் வழி. ஓசை முதல் நூற்பாவிலும் முன்னம் இரண்டாம் நூற்பாவிலும் வைக்கப்பட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஓசை உள்ளபோது அது வேறுபாட்டைக் காட்டும். எழுதப்பட்டு ஓசை நீங்கியபோது முன்னமே எஞ்சும்.

ஓசையின் பங்கை மரபு குறைத்து மதிப்பிட்டதுமில்லை. தெளிவுப்பொருளில் வரும் ஏகாரமும் சிறப்புப்பொருளில் வரும் ஓகாரமும் அளபு நீண்ட ஓசையுடையன என்று இடையியல் கூறுகிறது. ஓகாரத்தின் பொருள்கள் ஆறெனப்படுகின்றன. வினா, எதிர்மறை, சிறப்பு ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். நானோ வருவேன் என்னும் தொடர் வினாவா, வரமாட்டேன் என்னும் மறுப்பா என்பதை எழுத்து உறுதிசெய்யாது. எடுத்தல், படுத்தல், நலிதல் என ஒலிப்பு வேறுபாடுகளை நன்னூலும் குறித்துள்ளது. தற்கால இணைய எழுத்தர் நல்லாஆஆ என்றும் அப்படியாஆ என்றும் உயிரை அடுக்கி எழுதுவதைக் கொச்சை எனத் தள்ளுவோர் உளர். அளபெடைக்கு இனக்குறில் இட்டு எழுதும் பழைய முறை இலக்கணம் பயிலாதோர் கையில் மீண்டும் பிறந்துள்ளது என்றே அதனைக் கொள்ளல் தகும். ஓசையின் நீட்சியை எழுத்தில் ஏற்ற வேண்டிய தேவை இரு காலத்தும் ஒன்றே.

இனி முன்னம். செய்யுளியல் எண்ணும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியன அடங்கும். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார்க்கு இன்னார் சொல்லுதற்கு உரியது என்று அறிந்து, அவ்விடத்து அவரவர்க்கு ஏற்ப உரைப்பது முன்னம் என அந்நூல் விளக்குகிறது. இவ்விளக்கத்தில் இரு கூறுகள் பிணைந்துள்ளன. ஒன்று அறிவு: இடம், பேசுவோர், கேட்போர் யாவர் என்பது. மற்றொன்று உரிமை: அப்பேச்சு அவருக்கு உரியதா என்பது. சூழல் என்று இன்று பொதுவாகப் பெயர்க்கப்படும் கருத்தில் முதற்கூறு மட்டுமே உள்ளது. ஆலிஸ் மார்விக், டானா பாய்ட் ஆகியோர் 2011இல் விரித்துரைத்த சூழற்சரிவு என்னும் கருத்தாக்கமும், பல்வேறு அவையினர் ஒரே அவையாகத் தட்டையாக்கப்படுவதையே பேசுகிறது. எவருக்கு எவர் சொல்லலாம் என்னும் வினா அதன் மையத்தில் இல்லை. முன்னம் அவ்வினாவை மையத்திலேயே வைத்துள்ளது.

படைக்கலக் கொட்டிலில் ஔவை

இதன் பயனைக் காட்டப் புறநானூற்று 95ஆம் பாடலினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. பாடலின் பொருள் நன்கு அறியப்பட்டதே. இவை பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் உள்ளன; அவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்துச் சிறு கொட்டிலில் கிடக்கின்றன; உள்ளபோது உணவளித்து, இல்லாதபோது உள்ளதைப் பகிர்ந்துண்ணும் வறியோர் சுற்றத்தின் தலைவனாகிய எம் வேந்தனின் வேல்கள் அவை. பாடலளவில் நின்றால், முதற்பகுதி அழகிய படைக்கலங்களின் வருணனை. போரில் முறிந்த வேல்களுக்கு இரங்குவதாகவும் பிற்பகுதியை வாசிக்கலாம். இவை எனச் சுட்டப்பட்டவை எவருடையவை என்பது பாடலினுள் இல்லை. சுட்டுச்சொல்லுக்கு விரல் வேண்டும்; ஏட்டில் விரல் இல்லை.

அதனைத் தருவது கொளு. அதியமானால் தூதாக அனுப்பப்பட்டுச் சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் பாடியது என்னும் குறிப்பு அது. கூற்று ஔவையுடையது, கேட்போன் தொண்டைமான், களன் அவன் கொட்டில், காலம் போர் மூளும் தறுவாய், பயன் போர் தவிர்த்தல். இவ்வைந்தும் கிடைத்தவுடன் புகழ்ச்சி முழுதும் திரும்பிவிடுகிறது. உன் வேல்கள் போர் கண்டதில்லை என்பதே சொல்லாமற் சொல்லப்பட்ட செய்தி. அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம் புகழ்வதுபோலப் பழித்தலையும் பழிப்பதுபோலப் புகழ்தலையும் இலேச அணியின்பாற் சேர்க்கிறது. செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக்குகிறது. இவற்றுள் எப்பெயர் இட்டாலும், அப்பெயருக்கு இடமளிப்பது கொளுவே.

கருத வேண்டியது மற்றொன்று. கொளு ஔவையின் முகபாவத்தைக் கூறவில்லை. புன்னகையுடன் பாடினார் என்றோ குரலைத் தாழ்த்திப் பாடினார் என்றோ குறிப்பில்லை. தொகுப்புக்குக் குறிப்பு எழுதியோர் மெய்ப்பாட்டைப் பதிவுசெய்யாமல் முன்னத்தைப் பதிவுசெய்தனர். முன்னம் கிடைத்தால் மெய்ப்பாட்டை வாசகனே உய்த்துணர்வான் என்னும் நம்பிக்கை இதில் உண்டு. அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளும் இவ்வாறே இன்னார் இன்னார்க்குச் சொல்லியது என்று மட்டும் நிற்கின்றன. இக்குறிப்புகள் பாடல்களோடு ஒருங்கு பிறந்தவையா, பிற்காலத்தவையா என்னும் வாதம் நெடிது. இங்கு அது வேண்டுவதில்லை. பிற்காலத்தன என்றே கொண்டாலும் வாதத்தின் வலிமை கூடுமேயன்றிக் குறையாது: வாய்மொழியிலிருந்து ஏட்டுக்கு வந்த பாடலுக்கு எது குறைந்துவிட்டது என்று பின்வந்தோர் உணர்ந்தனரோ, அதனையே அவர்கள் நிரப்பினர்.

ஃபால்மனின் குறியும் புறநானூற்றுக் கொளுவும் ஒரே சிக்கலுக்கு எழுந்த இருவேறு விடைகள். முன்னது முகத்தை ஒட்டவைத்தது. பின்னது இடத்தையும் ஆளையும் எழுதிவைத்தது.

எவரும் தவறாகப் புரிந்துகொள்ளாத ஒரு நகை

2010 ஜனவரியில் பனிப்பொழிவால் இங்கிலாந்தின் ராபின் ஹூட் விமான நிலையம் மூடப்பட்டது. அங்கிருந்து பயணம் செய்யக் காத்திருந்த இளைஞர் ஒருவர், ஒரு வாரத்துக்குச் சற்று மிகுதியான காலக்கெடு விதித்து, அதற்குள் நிலையத்தைச் சீர்செய்யாவிடில் அதனை வெடிவைத்துத் தகர்ப்பதாக டுவிட்டரில் எழுதினார். சில நாள்களுக்குப் பின் நிலைய ஊழியர் ஒருவர் நிலையத்தின் பெயரைத் தேடும்போது அது கண்ணிற்பட்டது. நிலையப் பாதுகாப்புப் பிரிவினர் அதனை நம்பத்தக்க மிரட்டல் அன்று என்றே வகைப்படுத்தினர்; எனினும் நடைமுறைப்படி காவல்துறைக்கு அனுப்பினர். கைதும் வழக்கும் தொடர்ந்தன. 2010 மே மாதத்தில் அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீடு ஒன்று தள்ளுபடியாயிற்று. 2012 ஜூலையில் உயர்நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது.

இவ்வழக்கு இணைய நகைச்சுவை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதற்குச் சான்றாகக் காட்டப்படுவது வழக்கம். புரிந்துகொள்ளத் தவறியவர் எவர் என்று கேட்டால் விடை கிடைப்பது கடினம். கண்டெடுத்த நிலையமே அதனை மிரட்டலாக நம்பவில்லை. கூற்று தன் கேட்போரை விட்டு நீங்கி, நகை செல்லுபடியாகாத வேறு களத்துக்குள் நுழைந்தது. அக்களத்தின் விதிகள் தாமாக இயங்கின. நண்பர்க்குச் சொன்னது காவல்நிலையக் கோப்பாயிற்று.

உயர்நீதிமன்றம் சுட்டிய காரணங்கள் தொல்காப்பிய மாணவருக்கு வியப்பளிப்பன. செய்தி நிலையத்தை நோக்கி அனுப்பப்படாமல் அவரைப் பின்தொடர்வோர் காண விடப்பட்டது, இது கேட்போர். எழுதியவர் தம் அடையாளத்தை மறைக்கவில்லை, இது கூற்று. மிரட்டுவோர் இத்தனை நாள் அவகாசம் தருவதில்லை, இது காலம். பயணம் தடைப்பட்ட சலிப்பின் சூழல், இது களன். சொல்லும் நிறுத்தக்குறிகளும் உண்மையான எச்சரிக்கையின் இயல்பினவாக இல்லை என்பதும் குறிக்கப்பட்டது. நீதியரசர்கள் ஒரு கொளுவை எழுதினர் என்றே கூறலாம். அதற்கு இரண்டரை ஆண்டுகள் பிடித்தன.

இந்தியச் சூழலும் இதனின் விலகியதன்று. 2012இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர் கேலிச்சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் பகிர்ந்தமைக்காகக் கைது செய்யப்பட்டார். வரைந்தவர் அவர் அல்லர், அனுப்பியவர். கூற்று எவருடையது என்னும் வினாவே அங்குச் சிதைந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு எரிச்சலூட்டுதல், இடையூறு விளைத்தல் போன்ற சொற்களால் குற்றத்தை வரையறுத்தது. உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அப்பிரிவை நீக்கியது. கேட்போரின் எரிச்சல் ஒன்றையே அளவுகோலாக்கினால் கேட்போர் எவர் என்பது வரம்பற்றதாகிவிடும். எரிச்சலுறும் ஒருவர் எங்கேனும் இருப்பார்.

தமிழ் எழுத்தின் தனிச்சிக்கல்கள்

தமிழ் இணைய எழுத்தில் நகை வழுக்கும் இடங்கள் ஆங்கிலத்தின் இடங்களோடு முற்றும் ஒன்றுவன அல்ல. முதலாவது மரியாதைச் சொல். ஐயா, சார், -ங்க ஆகியன மதிப்பையும் காட்டும். அளவு மிஞ்சினால் எள்ளலையும் காட்டும். அறிஞர் பெருந்தகை அவர்களே என்று தொடங்கும் ஒரு மறுமொழி மூத்த தலைமுறைக் கடிதவழக்கா, குத்தலா என்பதை எழுதுவோரின் அகவையும் வழக்கமான நடையும் தெரிந்தாலன்றித் துணிய இயலாது. அறுபது அகவையினர் உண்மையான பணிவோடு எழுதியதை இருபது அகவையினர் கேலியாகக் கொள்வதும், இருபதின் கேலியை அறுபது வாழ்த்தாகக் கொண்டு நன்றி நவில்வதும் நிகழக்கூடியனவே.

இரண்டாவது -ஆம் என்னும் ஈறு. அவர் பெரிய ஆய்வாளராம் என்னும் தொடர் கேள்விப்பட்ட செய்தியாகவும் நம்பாமையின் எள்ளலாகவும் நிற்கும். பேச்சில் ஈற்றோசை இவற்றைப் பிரித்துவிடும். எழுத்தில் இரண்டும் செம்பொன்பதின்தொடியே. மூன்றாவது, பேச்சுவழக்கையே எழுத்தாக்குவதால் விளையும் மயக்கம். ரொம்ப நல்லா இருக்கு என்பது வீட்டுப் பேச்சில் பாராட்டாவதும் உண்டு, கண்டனமாவதும் உண்டு. எழுத்துவழக்கில் மிக நன்றாக உள்ளது என்று எழுதினால் இரண்டாம் பொருள் பெரும்பாலும் தோன்றாது. பேச்சுத்தமிழைத் தட்டச்சு செய்வோர் பேச்சின் பொருள்வளத்தை முழுதும் கொண்டுவருகின்றனர். அதனைப் பிரித்தறியும் ஓசையை மட்டும் விட்டுவருகின்றனர்.

முற்றுப்புள்ளியும் இங்குச் சேரும். ஒற்றைச்சொல் விடையின் இறுதியில் இடப்படும் முற்றுப்புள்ளி குறுஞ்செய்தியில் நேர்மைக்குறைவாகத் தோன்றுகிறது, கைப்பட எழுதிய குறிப்பில் அவ்வாறு தோன்றுவதில்லை என்பதை பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியான கட்டுரையில் காட்டினர். சரி என்று புள்ளியின்றி எழுதுவதற்கும் புள்ளியிட்டு எழுதுவதற்கும் இடையிலான தட்பவெப்ப வேறுபாட்டைத் தமிழ் மாணவர்கள் ஆய்வின்றியே அறிவர். பள்ளியில் நிறுத்தக்குறி பயின்று அதன்படியே எழுதும் ஆசிரியர் தம் மாணவர்க்குச் சினந்தவராகத் தோன்றுவது இதன் ஒரு விளைவு.

உணர்வுக்குறிகள் இம்மயக்கங்களைத் தீர்க்குமா? கூப்பிய கைகள் வணக்கம், நன்றி, இரங்கல், ஆளை விடுங்கள் என்னும் சலிப்பு ஆகிய நான்கிற்கும் வழங்குகின்றன. கண்ணீர் மல்கச் சிரிக்கும் முகம் இன்னும் சிக்கலானது. நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கை மெய்ப்பாட்டியல் வகுத்துள்ளது. அவற்றுள் எள்ளலைப் பேராசிரியர் மேலும் இரண்டாக்குவார்: பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. சிரிக்கும் முகக்குறி இவற்றுள் எதனையும் பிரித்துக் காட்டாது. உன்னோடு சிரிக்கிறேனா, உன்னைச் சிரிக்கிறேனா என்பதற்கு அதன் விடை ஒரே மஞ்சள் முகம்தான். மெய்ப்பாட்டைத் தனித்துப் பெயர்த்து எழுத்தருகே ஒட்டினால், முன்னம் இல்லாத மெய்ப்பாடே கிடைக்கும்.

பேராசிரியர் கூறும் இரண்டாவது எள்ளல் இணையப் பூசல்களில் பெரிதும் துன்புறுவது. ஒருவர் மற்றவரைக் கேலி செய்கிறார்; கேலிக்குள்ளானவர் வருந்துகிறார்; உடனே, சும்மா விளையாட்டுக்குச் சொன்னது, நகைச்சுவை உணர்வு இல்லையா, தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்னும் மறுமொழி வருகிறது. எள்ளப்பட்டவர் தாமும் நகுதல் அவர் விருப்பத்தால் நிகழ்வது. இங்கோ அது கடமையாகக் கோரப்படுகிறது. நகாதவர் மீது பேதைமையும் மடனும் ஏற்றப்பட, அவரே புதிய நகைக்குப் பொருளாகிறார். நிறம், சாதி, உடல், பெண்மை, ஊர்வழக்கு ஆகியவற்றைக் குறித்த கேலிகளில் இந்நிரல் மாறாமல் நிகழ்கிறது. இத்தகைய இடங்களில் வாசிப்புப் பிழை எதுவும் இல்லை. வாசித்தவர் நகை என்பதை அறிவார், எவரை நோக்கியது என்பதையும் அறிவார். அந்நகை சொன்னவருக்கு உரியதன்று என்பதே அவர் மறுப்பு. அறிவுக்கூற்றில் குறையில்லாதபோது உரிமைக்கூற்றில் எழும் வழக்கை, புரிதற்குறை என்று பெயரிட்டு அறிவுக்கூற்றுக்கே திருப்பிவிடுதல் ஒரு தந்திரம். பிழைவாசிப்பு என்னும் சொல்லை ஆய்வாளர் எளிதாகக் கையாளும்போது அத்தந்திரத்துக்கு அறியாமலே துணைபோக நேர்கிறது.

முன்னத்தின் சுமை

முன்னத்தை இவ்வாறு பயன்படுத்துவதில் ஓர் இடர் உண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. எது எவருக்கு உரியது என்பதைத் தொல்காப்பியம் தன் காலச் சமூக அடுக்கின்படியே தீர்மானிக்கிறது. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் வெளிப்படக் கூறுதல் மரபன்று. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பே நிறுத்தப்படுகின்றனர். அவ்வுரிமைப் பட்டியலை அப்படியே ஏற்றால், மேலோர் கீழோரை நகலாம், கீழோர் மேலோரை நகலாகாது என்னும் பழைய நிலைக்கே திரும்ப நேரும். இன்றும் அதன் நிழல் நீங்கவில்லை. ஆண் எழுதினால் நையாண்டி எனப்படுவது பெண் எழுதினால் திமிர் எனப்படுகிறது. ஆசிரியரின் குத்தல் நகைச்சுவையாகவும் மாணவரின் குத்தல் ஒழுங்கின்மையாகவும் எண்ணப்படுகின்றன.

ஆனால் ஔவையின் பாடல் இவ்வடுக்கினுள்ளேயே ஒரு விலக்கைக் காட்டுகிறது. வேந்தனின் கொட்டிலில் நின்று வேந்தனை எள்ளியவர் ஒரு பெண், படையில்லாத தூதர். அவ்வெள்ளல் அவருக்கு உரியதாயிற்று என்பதைக் கொளு எழுதியோர் இயல்பாகவே பதிந்துள்ளனர். தூது, புலமை, போர் தவிர்க்கும் பயன் ஆகியன அவ்வுரிமையைத் தந்தன. பிறப்போ அதிகாரமோ தந்ததன்று. முன்னத்தின் உரிமைக்கூற்றைப் பயனோடு சேர்த்து வாசிக்கும் வழி இங்குத் திறக்கிறது. செய்யுளியலும் பயனை ஓர் உறுப்பாக எண்ணியுள்ளமை இதற்கு இடந்தரும்.

இவ்வினா இன்று இலக்கிய ஆய்வாளரோடு நிற்பதுமில்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கருத்துரைகளைத் திரட்டி, அங்கதம் உடையன, அங்கதம் அற்றன என வகைப்படுத்தி, அவ்வகைப்பாட்டைக் கணினிக்குப் பயிற்றும் போட்டிப்பணிகள் 2023 முதல் நடைபெற்று வருகின்றன. அத்தரவுகளுக்கு அடையாளமிடுவோர் தமிழறிந்தோர். ஒரு கருத்துரை தனியே முன்வைக்கப்படுகிறது. எந்தக் காணொளிக்கு, எவருடைய எந்தப் பேச்சுக்கு மறுமொழியாக அது எழுந்தது என்பது நீங்கிவிடுகிறது. தலைவா வேற லெவல் என்னும் தொடரின் முன் அமர்ந்து அங்கதமா இல்லையா என்று குறியிட வேண்டியவர், கொளு கிழிந்துபோன ஏட்டில் 95ஆம் பாடலை வாசிப்பவரின் நிலையில் இருக்கிறார். எழுதியவர், மறுமொழி பெற்றவர், முந்தைய கூற்று ஆகிய மூன்றுக்கும் அத்தரவு அட்டவணையில் மூன்று நிரல்கள் சேர்ப்பது தொழில்நுட்ப அளவில் அரிய பணியன்று. தமிழ்த்துறைகள் இப்பணிகளுக்கு மொழியறிந்த ஆள்களை அனுப்புவதோடு அமையாமல், எவை பதியப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டத்திலேயே பங்கேற்றால், அந்நிரல்களைக் கேட்டுப் பெற இயலும்.